டிராக்டர் பேட்டரிக்குக் கொட்டகையில் ஒரு மூலை

போன வருடம் வைகாசியில் பேட்டரி ஆசிட் என் முகத்தில் தெறித்தது. இடது இமையிலும் கன்னத்திலும் நான்கைந்து சொட்டு. பம்புசெட் பத்தடி தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. குழாய்க்கு நேரே முகத்தைக் கொடுத்து, கண்ணை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் கழுவினேன். அதற்குப் பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னபோதுதான் மூச்சு வந்தது. சட்டையில் அன்றைக்கு ஒரு கறைகூடத் தெரியவில்லை. அடுத்த முறை துவைத்துக் கொடியில் போட்டபோது மார்புப் பக்கம் முழுக்கச் சல்லடையாக இருந்தது. பருத்தித் துணியை ஆசிட் அப்படித்தான் தின்னும், துவைக்கும்வரை காட்டிக்கொள்ளாது.

மன்னார்குடிக்குப் பக்கம் எங்களுக்கு நிலம். சம்பா அறுவடை முடிந்தால் டிராக்டருக்கு அவ்வளவாக வேலை இல்லை. மாசியிலிருந்து வைகாசிவரை கொட்டகையில் நிற்கும். கோடை வெயிலில் பேட்டரி சும்மா இருந்தாலும் தானாக இறங்கும். ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று பேச்சு அடிபடும்போதுதான் வண்டி ஞாபகம் வரும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். அப்படித்தான் அன்றைக்கும். பேட்டரியைக் கழற்றி, பத்து வருடத்துப் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை மாட்டி, மழை வந்துவிடுமோ என்று மேலே ஒரு தார்ப்பாயையும் போர்த்திவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் தார்ப்பாயை விலக்கியபோது பேட்டரியின் அறைகளில், அதாவது செல்களில், உலை கொதிப்பது போலச் சத்தம். சரி, ஏறிவிட்டது என்று நினைத்து, சுவிட்சை அணைக்காமலே சிவப்புக் கிளிப்பைப் பிடுங்கினேன். சின்னதாக ஒரு பொறி. அடுத்த கணம் பட்டாசு மாதிரி 'டப்'. நான்காவது செல்லின் மூடி ஓட்டுக் கூரையில் போய் அடித்தது.

அதற்குப் பிறகு பல நாள் இதையே படித்தேன், பேட்டரிக்கடைப் பெரியவரிடம் கேட்டேன், கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் என்ன தவறு செய்தேன் என்று தெரிந்துகொள்ளாமல் திரும்பச் சார்ஜரைத் தொட மனம் வரவில்லை.

12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல். சார்ஜ் ஏற ஏற, ஒரு செல்லுக்கு 2.4 வோல்ட் அளவு வந்ததும், அதாவது மொத்தம் 14.4 பக்கம், உள்ளே போகிற கரண்டில் ஒரு பங்கு, ஈய பிளேட்டில் சார்ஜை ஏற்றுவதை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிரிக்க ஆரம்பிக்கிறது; பேட்டரி நிறைய நிறைய அந்தப் பங்கு கூடும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழியாக வெளியே வரும். நாம் 'கொதிக்கிறது' என்று சொல்வது இதைத்தான். முழுதாக ஏறிய பேட்டரிக்குள் 5 ஆம்பியர் ஒரு மணி நேரம் போனால் ஆறு செல்லிலும் சேர்த்துச் சுமார் 13 லிட்டர் ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே பற்றும். என் தார்ப்பாய்க்கு அடியில் விடிய விடிய எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

தார்ப்பாயை எடுத்துவிட்டேனே, காற்றோட்டம் வந்துவிட்டதே, அப்புறம் ஏன் வெடித்தது? இந்தக் கேள்விக்கான பதில்தான் எனக்குப் பெரிய பாடம். செல்லுக்குள், ஆசிட் மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே ஒரு விரல்கடை காலி இடம் இருக்கிறது. கொதிக்கிற நேரத்தில் அங்கே நிற்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெடிப்பதற்கு ஏற்ற அளவில் கலந்த வாயு. திறந்த வயலின் நடுவில் வைத்துச் சார்ஜ் செய்தாலும் அந்த இடத்தில் அது இருக்கும். மூடியின் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு பொறி போதும். ஆகவே காற்றோட்டம் மட்டும் நம்மைக் காப்பாற்றாது. பேட்டரிக்கு மேலே பொறியே வராதபடி வேலையை அமைத்துக்கொள்ள வேண்டும். புதிய இடத்தை நான் அமைத்தது முழுக்க இந்த ஒரு எண்ணத்தில்தான்.

பழைய சார்ஜரைக் கடைசியாக ஒருமுறை சோதித்தேன். நல்ல நிலையில் இருந்த வேறொரு பேட்டரியில், வெட்டவெளியில் மாட்டிப் பார்த்தால் மல்டிமீட்டர் 15.8 வோல்ட் காட்டியது; இன்னும் ஏறிக்கொண்டும் இருந்தது. உடனே சுவிட்சை அணைத்தேன். அந்த வகைச் சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருந்து பார்த்து அணைக்க வேண்டியது. அதை ராத்திரி முழுக்கத் தனியாக விட்டது என் தவறு. வெடித்த பேட்டரியின் மேல்மூடியில் மயிரிழை விரிசல் இருந்தது. பெரியவர் பார்த்தவுடனே, "இத வண்டியில ஏத்தாதீங்க தம்பி, குலுங்குனா ஒழுகும்" என்றார். அதைக் கொடுத்துவிட்டு 88 ஆம்பியர்-மணி கொள்ளளவில் புதியது வாங்கினேன்.

புதிய சார்ஜர் 12 வோல்ட், 8 ஆம்பியர். பேட்டரிக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் என்பது பொதுவான கணக்கு. 88-க்கு 8 சரியாக வரும். அவசரத்துக்கு 20 ஆம்பியர் சார்ஜர் வாங்கலாம் என்று கடையில் சொன்னார்கள். எனக்கு அவசரம் இல்லை. ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது. நான் பார்த்துப் பார்த்துக் கேட்டது மூன்று விஷயம். 14.4-க்கு வந்ததும் கரண்டைத் தானாகக் குறைத்து, பிறகு 13.6 பக்கம் இறங்கி நிற்க வேண்டும். பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினால் ஓடக்கூடாது. வெப்பத்துக்கேற்ப வோல்டேஜைக் குறைக்க வேண்டும். மூன்றாவதைக் கடைக்காரர்கள் பலர் சட்டை செய்வதில்லை. நம் ஊருக்கு அதுதான் முக்கியம். 14.4 என்பது 25 டிகிரிக்கான கணக்கு. ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் 12 வோல்ட் பேட்டரிக்குச் சுமார் 0.02 வோல்ட் குறைக்க வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் கொட்டகைக்குள் 38, 40 டிகிரி இருக்கும்போது 14.4 கொடுத்தால், தேவைக்கு மேல் கொதித்துத் தண்ணீர் வற்றும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டேன். ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு லேசு. கீழே ஜன்னல் திறந்திருந்தால் போதாது. அது நேரே உச்சிக்குப் போய்க் கூரை மடிப்பில் தங்கும். எங்கள் கொட்டகைக்குக் கிழக்குப் பக்கம் செங்கல் சுவர், மேலே ஓடு. அந்த மூலையில் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி முன்பே இருந்தது. அணில் வருகிறது என்று சாக்கு அடைத்து வைத்திருந்தோம். சாக்கைப் பிடுங்கிவிட்டுப் பெரிய கண் கம்பிவலை அடித்தேன். எதிர்ச்சுவரில் தரையோடு ஒட்டி இரண்டு செங்கல் எடுத்தேன், காற்று கீழே நுழைந்து மேலே போவதற்கு. வைக்கோலையும் டீசல் கேனையும் கொட்டகையின் மறுகோடிக்கு மாற்றினோம். சாமி விளக்கு ஏற்றுகிற மாடமும் அந்தப் பக்கம் இருந்தது. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் விளக்கை வீட்டு வாசலுக்கு மாற்றிக்கொண்டார்.

பேட்டரிக்கு ஒன்றரை அடி உயரத்தில் பழைய மரப்பெஞ்சு, அதன்மேல் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் டிரே. ஆசிட் வழிந்தால் டிரேயோடு நிற்கும். தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளில் அப்படி ஒன்றும் இறங்காது. பெஞ்சு வைத்ததற்குக் காரணம் வேறு. இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ளதைக் குனிந்து தூக்கும்போது முகம் நேரே மூடிகளுக்கு மேல் போகிறது. அதைத் தவிர்க்கத்தான்.

சார்ஜரைப் பேட்டரிக்கு நேர் மேலே ஷெல்ஃபில் வைப்பதுதான் நிறையப் பேர் செய்வது. வாயுவும் ஆசிட் ஆவியும் மேலே போய் அதற்குள் நுழையும். உள்ளே ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) இருந்தால் அங்கே பொறியும் வரும். நான் பக்கவாட்டில் நான்கடி தள்ளி, நெஞ்சு உயரத்தில் செங்கல் சுவரில் ராவல் பிளக் போட்டு மாட்டினேன். சுவிட்ச் பெட்டி இன்னும் ஓரடி தள்ளி, கதவுப் பக்கம். உள்ளே நுழைந்தவுடன் கைக்கு முதலில் கிடைப்பது சுவிட்ச்தான்; பேட்டரி அதற்கு அப்பால்தான். இது தற்செயலாக அமைந்ததில்லை.

230 வோல்ட் பக்கத்து வேலையை எலக்ட்ரீஷியன் தம்பியிடம் கொடுத்தேன். அவர் முதலில் பழைய பிளக் பாயின்ட்டைச் சோதித்தார். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வர வேண்டிய இடத்தில் அறுபது சொச்சம் காட்டியது. திறந்து பார்த்தால் எர்த் துளைக்கு ஒயரே இல்லை. உலோக உடம்புள்ள சார்ஜரைப் பத்து வருடம் அந்தப் பாயின்ட்டில் மாட்டியிருக்கிறேன், அதுவும் ஈரத் தரையில் நின்றுகொண்டு. வீட்டு போர்டிலிருந்து புதிதாக 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரை எர்த்தோடு சேர்த்துப் பி.வி.சி. பைப்புக்குள் இழுத்தார், எலி கடிக்கிற இடம், வெறும் ஒயர் ஒரு மாதம் தாங்காது. கரண்ட் அளவு மீறினால் அணைக்கிற 6 ஆம்பியர் எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டு, டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டிவிட்டுத்தான் போனார்.

பேட்டரிப் பக்கத்து ஒயரை நானே செய்தேன். 4 ஸ்கொயர் செம்பு ஒயர், சிவப்பும் கறுப்பும், சார்ஜரிலிருந்து பேட்டரிவரை ஒன்றரை மீட்டர். இந்த நீளத்தில் 8 ஆம்பியருக்கு 0.1 வோல்ட் அளவுதான் வீணாகும். முனையில் பழைய கிளிப்பின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. தளர்ந்த கிளிப் என்றால் பொறி என்று அர்த்தம். புதிதாகக் கனமான கிளிப் வாங்கி, ஒயர் முனையில் லக் என்கிற உலோக வளையத்தைப் போட்டு அழுத்தி போல்ட்டில் முடுக்கினேன்.

பிறகு ஃப்யூஸ். சிவப்பு ஒயரில், கிளிப்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில், காரில் வருகிற மாதிரி 15 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ். என் தம்பி மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "சார்ஜர்லதான் ஃப்யூஸ் இருக்கே, இங்க எதுக்கு பெரியப்பா? 12 வோல்ட் தொட்டாகூட ஒண்ணும் ஆகாதே" என்றான். நல்ல கேள்வி. காய்ந்த கையால் தொட்டால் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் சார்ஜர் தரக்கூடியது 8 ஆம்பியர். ஒயர் நசுங்கிச் சிவப்பும் கறுப்பும் ஒட்டிக்கொண்டால் பேட்டரி திருப்பித் தரக்கூடியது பல நூறு ஆம்பியர். அந்தக் கரண்ட் கிளம்புவது பேட்டரி முனையிலிருந்து. நசுங்கிய இடத்தோடு அது பேட்டரிக்கே திரும்பிவிடும், சார்ஜருக்குள் இருக்கிற ஃப்யூஸ் வழியாகப் போகாது; ஒயர் பழுத்துவிடும். அதனால்தான் ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டி இருக்க வேண்டும். அவனிடம் என் 13-ம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் காட்டினேன். நடுவில் நெல் அளவுக்கு ஒரு பள்ளம், ஓரம் நீலம் பாரித்திருக்கும். எப்போதோ பிளஸ் போல்ட்டைக் கழற்றும்போது மறுமுனை டிராக்டர் உடம்பில் பட்ட இடம். இரும்பே அந்தக் கதி என்றால் விரலில் மோதிரம் இருந்திருந்தால்? அந்தப் பள்ளத்தை அவன் விரலால் தடவிப் பார்த்தான். அதற்குப் பிறகு பேட்டரி வேலைக்கு வரும்போது கையில் கிடக்கிற செப்புக் காப்பை அவனாகவே கழற்றி வைத்துவிடுகிறான்.

வண்டியிலிருந்து கழற்றும்போது முதலில் மைனஸ். மைனஸ் போய்விட்டால், பிறகு ஸ்பேனர் உடம்பில் பட்டாலும் சுற்று முடியாது. மாட்டும்போது மைனஸ் கடைசி. ஸ்பேனரின் பிடிப் பக்கம் முழுக்க டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

முதல் சார்ஜ் கார்த்திகையில், அடைமழையில் வண்டி ஐந்து வாரம் நின்ற பிறகு. கண்ணாடி போட்டுக்கொண்டு மூடிகளைத் திறந்து பார்த்தேன். பிளேட்டுகள் தண்ணீருக்குள் மூழ்கித்தான் இருந்தன. பிளேட் தெரிந்தால் மட்டும் முன்பே அது மூழ்கும் அளவுக்கு ஊற்றலாம். மற்றபடி தண்ணீர் சார்ஜ் முடிந்த பிறகுதான், ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும். முன்பே நிரப்பினால் ஆசிட்டாக வழியும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும், கேன் தண்ணீரும் வேண்டாம். ஆசிட்டை ஒருபோதும் ஊற்றக் கூடாது. வற்றிப்போவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது.

ஆரம்பத்தில் 12.31 வோல்ட். சுவிட்ச் அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சிவப்பு, பிறகு கறுப்பு, இரண்டையும் ஒருமுறை திருகி இறுக்கம் பார்த்து, கடைசியில் சுவிட்ச். உடனே 13.1-க்கு ஏறியது, 8 ஆம்பியர். இரண்டு மணி நேரத்தில் 13.7. நான்கு மணி நேரத்தில் 14.4-ஐத் தொட்டு அங்கேயே நின்றது. கரண்ட் மட்டும் இறங்கத் தொடங்கியது. 5, 3, 1 என்று இறங்கி, ஏழாவது மணியில் பச்சை விளக்கு. காதை வைத்துக் கேட்க ஆசையாக இருந்தது. முகத்தைக் கொண்டுபோகக் கூடாது என்று தள்ளியே நின்றேன். லேசான 'ஸ்ஸ்' சத்தம் மட்டும், உலை கொதிக்கிற சத்தமே இல்லை. பெட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புக்கூட இல்லை. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரம் வாயு கலைய விட்டுப் பிறகு கறுப்பு, கடைசியாகச் சிவப்பு.

மறுநாள் சாயங்காலம் 12.68. சார்ஜிலிருந்து எடுத்தவுடன் பார்த்தால் 13-க்கு மேல் காட்டும், அதை நம்பக் கூடாது. ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டுகிற ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லும் 1260-லிருந்து 1265-க்குள். பெரியவர் சொல்லிக் கொடுத்தது: மொத்த வோல்ட்டைவிடச் செல்லுக்குச் செல் வித்தியாசத்தைப் பார். ஐந்து செல் 1260-ம் ஒன்று மட்டும் 1200-ம் என்றால் அந்த ஒன்று சாகத் தொடங்கிவிட்டது, எந்தச் சார்ஜரும் அதைக் காப்பாற்றாது. இந்த மே மாதம் 38 டிகிரியில் சார்ஜ் போட்டபோது மீட்டர் 14.1-லேயே நின்றது. வெப்பத்துக்கேற்பக் குறைக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சார்ஜருக்குக் கொடுத்த காசு வீணில்லை என்று தோன்றியது.

இடையில் ஒரு சேதாரம். மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயரில் 8 ஆம்பியர்-மணி சீல் பேட்டரி இருக்கிறது. வேலைக்கு வந்த பையன் அவசரத்தில் அதைப் பெரிய சார்ஜரில் மாட்டிவிட்டான். சாயங்காலம் பார்த்தால் பக்கங்கள் பூரி மாதிரி உப்பி, ஸ்பிரேயரின் கூட்டுக்குள் திரும்ப நுழையவே இல்லை. 88-க்கு மிதமான 8 ஆம்பியர், 8-க்கு அதன் முழுக் கொள்ளளவு. உள்ளே உண்டாகும் வாயுவை அந்த வகை பேட்டரி தானே தண்ணீராக மாற்றிக்கொள்ளும். இந்த வேகத்துக்கு அதனால் முடியாது, சூடேறிப் பெட்டி வீங்கிவிடும். குற்றம் என்னுடையது, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது பெரிய சார்ஜரின் கிளிப்பில் 'டிராக்டர் மட்டும்' என்று அட்டை தொங்குகிறது. ஸ்பிரேயரோடு வந்த சின்னச் சார்ஜரைச் சுவரின் மறுபக்கம் தனியாக மாட்டிவிட்டேன்.

பெஞ்சுக்கு அடியில் எப்போதும் இருபது லிட்டர் கேனில் தண்ணீர், ஒரு டப்பா ஆப்பசோடா. சோடா தரைக்கும் டெர்மினலுக்கும்தான். நுரை அடங்கும்வரை தூவிக் கழுவலாம். கண்ணிலும் தோலிலும் பட்டால் தண்ணீர் மட்டும், நிறையத் தண்ணீர். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் மூடிகளை இறுக்கிவிட்டுச் சோடாத் தண்ணீரால் கழுவித் துடைத்து வாஸ்லைன் தடவுகிறேன். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைப்பதில்லை. ஈயம் உடம்பில் தங்கிவிடும், குழந்தைகள் உள்ள வீடு. பழைய பேட்டரியைக் கூடுதல் காசுக்கு ஈயம் உருக்குகிறவர்களிடம் கொடுக்க வேண்டாம், பேட்டரிக்கடையிலேயே கொடுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் போக வேண்டும்.

எதிர்பாராத எதிரி குளவி. சார்ஜரின் ஃபேன் ஓட்டையில் மண்கூடு கட்டிவிட்டது. ஃபேன் நின்று, சார்ஜர் சூடேறித் தானாக அணைந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

போன வாரம் குறுவைக்குத் தொளி அடிக்க வண்டியை எடுத்தோம். சார்ஜ் போட்டதும் எடுத்ததும் தம்பி மகன்தான், நான் கதவருகில் நின்றேன். முதல் சாவிக்கே இன்ஜின் பிடித்தது. வண்டி வரப்பைத் தாண்டிப் போன பிறகு வீட்டுக்குள் வந்தவன், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலமாரியின் முன்னால் நின்றேன். இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி அதற்குள்தான் இருக்கிறது. இன்வெர்ட்டர் அதற்கு நேர் மேல்தட்டில். தூசி படாமல் இருக்கட்டும் என்று நானே ஆசாரியிடம் சொல்லி, காற்றுப் புகாத கதவு போட்டது. கதவைத் திறந்து, சுவிட்சை அணைத்து, டார்ச் அடித்து மேல்தட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். ஆணித் தலைகள் எல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தன. ஆசாரியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.